கிராம் அக்கா மலைக்குக் கிளம்புகிறார்

வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்து முள்ளைப் பார்க்கிறார். எடுத்து, நகத்தால் மெல்லிசாகத் தோலை உரித்துவிட்டு மறுபடி வைக்கிறார். முள் ஒரு மயிரிழை பின்வாங்கியதும் முகத்தில் அப்படியொரு திருப்தி. "தோலை யாரு திங்கப் போறா? திங்காததை நான் எதுக்கு முதுகுல சுமக்கணும்?" என்று தராசையே கேட்கிறார். பதில் சொல்ல அங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன். நானோ அவர் கட்டி வைத்திருந்த உலர்ந்த திராட்சையை வாய் நிறையப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "தின்னு, தின்னு. அதுவும் எடை குறையற வழிதான்" என்கிறார்.

எங்கள் குடியிருப்பில் இவரைக் கிராம் அக்கா என்றால்தான் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம், அகலமான பாதம், வெயிலில் வெந்து எப்போதும் கொஞ்சம் உரிந்திருக்கும் மூக்கு. கழுத்துக்கு மேலே தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டதற்கும் எடைதான் காரணம் என்று மாடிப்படியில் ஒரு வதந்தி உண்டு. நான் நேரிலேயே கேட்டேன். "அதுல எவ்வளவுடி குறையும்?" என்று சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

லீவு கிடைத்தால் மலை. இதுதான் அவருடைய வாழ்க்கைத் திட்டம். முதுகில் ஒரு மூட்டை. அதற்குள் வீடு, படுக்கை, அடுப்பு, அரிசிப் பானை எல்லாம். நடந்து, ஏறி, இருட்டும் இடத்தில் கூடாரம் அடித்துப் படுத்து, விடிந்ததும் மறுபடி நடப்பது. அந்த மூட்டையின் எடையைக் குறைப்பதற்காக இந்த அம்மாள் செய்கிற அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக் கைப்பிடி கிடையாது, அறுத்தாகிவிட்டது. கரண்டிக்குக் காம்பு பாதி. சட்டைக் காலரில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டுகள் எல்லாம் கத்தரிக்கோலுக்குப் பலி. வரைபடத்தின் வெள்ளை ஓரங்களைக்கூட வெட்டி எறிந்துவிடுவார். ஒரு தடவை ஓரத்தோடு சேர்த்து நாங்கள் போக வேண்டிய பாதையையும் வெட்டிவிட்டார். அன்றைக்கு நாங்கள் சுற்றிய சுற்று இருக்கிறதே, அதை எழுத இந்தப் பத்திரிகை போதாது.

டீத்தூள் டப்பா ஒன்றுதான் தராசுக்குத் தப்பியது. "அதை ஏன் போடலை?" என்றால், "அது எடை இல்லை, உசுரு" என்று டப்பாவை மார்போடு அணைத்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அவருக்கு வேலை எங்கே தெரியுமா? நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில். டன் கணக்கில் சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்து ஏறி நிற்கும் இரும்பு மேடை. பக்கத்தில் கண்ணாடி அறை. உள்ளே ஒரு சுழல் நாற்காலி, ஒரு மைக், எண்கள் சிவப்பாக எரியும் பெட்டி. அக்கா மைக்கைப் பிடித்தால் சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். "டிரைவர் கீழ இறங்குங்க. பின்னாடி தொங்குற அண்ணன், உங்களையும் சேர்த்தா விக்கப் போறாங்க? இறங்குங்க!" நாளெல்லாம் டன்னில் புரள்பவருக்குச் சாயங்காலமானால் கிராமில் புத்தி போகிறது. என்னத்தைச் சொல்ல!

ஒரு நாள் வேலை முடிந்து அப்படியே மலைக்குப் புறப்படுவதாக மூட்டையோடு வந்திருந்தார். லாரிக்காரர்கள் விடுவார்களா? "அக்கா, உங்க மூட்டை என்ன கனம்னு பாத்துருவோம்" என்று ஒருவர் தூக்கிப்போய் மேடை நடுவில் வைத்தார். அத்தனை பெரிய இரும்புத் தட்டில் அது தனியாக உட்கார்ந்திருந்தது. பெட்டியில் எண் அசையவே இல்லை. பூஜ்யம். யானைக் கணக்குப் பார்க்கிற தராசுக்கு எறும்பு எங்கே தெரியும்? ஆனால் அக்கா அந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிடுகிற ஆளா? மைக்கை எடுத்தார். "எல்லாரும் பாத்துக்கோங்க! முத்திரை குத்தின தராசு! என் மூட்டைக்கு எடையே இல்லை!" வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துக் கொண்டாடின. அந்த நாளை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மலையில் இவரைப் பார்க்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி முதல் மேட்டில் கால் வைத்ததும், "வந்துட்டேன்டி!" என்று மலையைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார். மலை பெண் என்பது அவர் கட்சி. பாறைக்கு அடியிலிருந்து கசிகிற தண்ணீரைக் கையால் ஏந்திக் குடித்துவிட்டு, ஏதோ பலகாரம் சாப்பிட்ட மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டுவார். ஓடையைக் கண்டால் ஷூவைக் கழற்றிக் காலை உள்ளே விட்டு, "ஐயையோ, ஐயையோ" என்று ஐஸ் தண்ணீரைத் திட்டுவார். ஆனால் காலை எடுக்க மாட்டார். காலையில் கூடாரத்து வாசலில் குந்தி, இரண்டு கையாலும் டம்ளரைப் பொத்திக்கொண்டு, வெயில் எதிர்ச் சரிவில் மெல்ல மெல்ல இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வெயில் கடைசியில் எங்கள் புல்தரைக்கு வந்து முழங்காலைத் தொடும்போது ஒரு சுகம் வரும் பாருங்கள், அதற்கு ஈடாக எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

"கீழ எல்லாரும் என்கிட்ட ஏதாவது எடை கேக்குறாங்க. இங்க யாராவது ஏதாவது கேக்குறாங்களா பாரு" என்பார். நானும் கேட்காமல் டீயைக் குடிப்பேன். முதலில் ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைக்குமே என்று அவரோடு ஒட்டிக்கொண்டு போனவள் நான். கட்டுரை எப்போதோ முடிந்துவிட்டது. நான்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கடவுள் ஜோடி சேர்ப்பதில் ஒரு குறும்பு வைத்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மனைவி உலகத்திலேயே மெல்லிய பாயைத் தேடி அலைகிறவர். கணவர் உலகத்திலேயே தடிமனான மெத்தையை விற்கிறவர். பஞ்சு மெத்தை, ஸ்பிரிங் மெத்தை, உடம்பின் அச்சை ஞாபகம் வைத்துக்கொள்கிற மெத்தை என்று கடை முழுக்க அடுக்கியிருக்கும். நடுவில், மாதிரிக்குப் போட்டிருக்கும் மெத்தை ஒன்றில் அவர் சாய்ந்திருப்பார். நல்ல கனமான மனிதர், மெதுவான பேச்சு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம்.

கடைக்குப் புது ரகம் எது வந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கட்டிலுக்கு வரும். "நானே படுத்துப் பாத்துட்டேன் சார்" என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்வார். தூங்கிப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மட்டுக்கு நேர்மையான வியாபாரி. ஏனென்றால் அவருக்குத் தூக்கம் வராது. இந்தப் பக்கம் புரண்டு, அந்தப் பக்கம் புரண்டு, எழுந்து தண்ணீர் குடித்து, மறுபடி புரண்டு, விடிகிற சமயத்தில் கண்ணயர்வார். அதற்குள் கடை திறக்கும் நேரம் வந்துவிடும்.

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அக்கா கடைக்கே போய்ச் சீண்டுவார். "நடந்து களைச்சு வந்து பாருங்க. பாறையில கெடந்தாலும் தூக்கம் வரும்."

"மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு" என்று அவர் வாசலைப் பார்ப்பார். "கஸ்டமர் காதுல விழுந்தா நாளைக்கே கடையை இழுத்து மூடிட்டு நானும் உன் பாறைக்குத்தான் வரணும்."

"வாங்களேன்!"

"போம்மா, வேலையைப் பாரு."

இப்படிப் பல காலமாக நடக்கிறது. அக்கா மலையிலிருந்து திரும்பியதும் மூட்டையை இறக்காமலே ஆரம்பித்துவிடுவார்: மேகம் காலுக்குக் கீழே கிடந்தது, கொம்பு வைத்த ஆடு ஒன்று செங்குத்துப் பாறையில் நின்று என்னை முறைத்தது, பனி உருகி இத்தனை பெரிய அருவி. அவர் டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ம்" என்பார். போனில் படத்தைக் காட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "மேகம் நல்லா இருக்கு" என்பார். மனிதர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு அது ஒரு படம், அவ்வளவுதான்.

ஒரு முறை, ஒரு மலைமுகட்டில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சள் பூ. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அக்கா திடீரென்று சொன்னார்: "எனக்கு ஒரே ஒரு குறைதான், தங்கச்சி. எதைப் பாத்தாலும், ஐயோ அந்த மனுஷன் பக்கத்துல இல்லையேன்னு வருது. வீட்டுல புள்ளைங்க இல்லை, அதுங்க பொழைப்பைப் பாத்துக்கிட்டுப் போயிருச்சுங்க. இருக்கிறது நாங்க ரெண்டு பேரு. எனக்குக் கெடைக்கிற பெரிய சந்தோஷம் எதுவோ, அது அவருக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு எனக்குக் கால் முடியாமப் போச்சுன்னா, இதைப் பத்திப் பேசக்கூட வீட்டுல ஆள் இல்லை." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். குளிர் என்று சொல்லிக்கொண்டார். நான் அவர் தோளில் கையைப் போட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

போன கோடையில் ஒரு சாயங்காலம் மெத்தைக்காரர் திடீரென்று வழிக்கு வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். அக்கா வழக்கம்போல் "ஒரு தடவை வாங்களேன்" என்றார். அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"சரி. ஒரே ஒரு தடவை வர்றேன். பிடிக்கலைன்னா அதோட விட்டுரணும். அப்புறம் 'வாங்க'ங்கிற பேச்சே உன் வாயில வரக் கூடாது. ஜாடை பேசக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. சம்மதமா?"

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவர் கையில் ஓங்கி அடித்து, "சத்தியம்! தங்கச்சி, நீதான் சாட்சி" என்றார். இத்தனை வருஷத்து ஆசை முழுவதையும் ஒரே பயணத்தில் கட்டுகிறாரே, மனுஷிக்குப் பயமே இல்லையா என்று நினைத்தேன். பயம் இருந்தது. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

இருப்பதிலேயே அழகான பாதையைத் தேர்ந்தெடுத்தார். காட்டு வழியாக ஏறி, ஒரு கணவாய்க்குக் கீழே இரவு தங்கி, காலையில் கணவாயில் போய் நின்றால் அந்தப் பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும்: நீல ஏரி, அதற்குப் பின்னால் வரிசையாகப் பனிமலைகள். "அதைப் பாத்துட்டு ஒருத்தன் பிடிக்கலைன்னு சொன்னா அவன் மனுஷனே இல்லை" என்றார்.

அவரவர் மூட்டை அவரவர் முதுகில் என்பது அக்காவின் இரும்புச் சட்டம். அதை அவரே உடைத்தார். கூடாரத் துணி, சாப்பாடு, அடுப்பு எல்லாம் தன் மூட்டைக்கு மாற்றிக்கொண்டு, அவருக்கு உடுப்பும் உறக்கப்பையும் கூடாரத்தின் கம்பிகளும் மட்டும் கொடுத்தார். பாடமும் நடத்தினார். "ஒவ்வொண்ணா கையில எடுங்க. இது இல்லாம நான் செத்துருவேனான்னு கேளுங்க. இல்லைன்னு தோணிச்சுன்னா வெளியே வச்சுருங்க." அவர் தலையைத் தலையை ஆட்டினார். அவ்வளவு பணிவாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏற்றம் ஆரம்பித்தது. மெத்தைக்காரர் கண்ணில் பட்ட பாறையில் எல்லாம் உட்கார்ந்தார். உட்காரும் முன் கையால் அழுத்திப் பார்ப்பார், தொழில் புத்தி. "எழுத்தாளரம்மா, இந்த மலைக்கு லிஃப்ட் வைக்க யாருக்கும் தோணலையா?" என்று என்னைக் கேட்டார். அக்காவோ தேனாக ஒழுகினார். "மெதுவா வாங்க. அவசரமே இல்லைங்க. மூச்சு வாங்கிக்கோங்க." மைக்கில் அண்டம் அதிரக் கத்துகிற குரலா இது? லாரிக்காரர்கள் கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள்.

வழியில் ஓர் ஊற்று. அக்கா டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். மெத்தைக்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல என்ன போட்டிருக்காங்க?"

"ஒண்ணும் போடலைங்க. அதான் இப்படி இருக்கு."

"இன்னொண்ணு குடு" என்று டம்ளரை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது.

மரங்கள் முடிந்து புல்லும் கல்லுமாக ஆன இடத்தில் நின்றோம். மேலே கணவாய் தெரிந்தது. கூடவே அதன் மேல் கறுப்பாக ஒரு மேகமும் தெரிந்தது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. நான் தள்ளி ஒரு பள்ளத்தில் என் சின்னக் கூடாரத்தை அடித்து முடித்தேன். அக்கா தன் கூடாரத் துணியை விரித்து, ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு கையை நீட்டினார். "கம்பியைக் கொடுங்க." கொடுத்தார். "முளைகளைக் கொடுங்க."

"எந்த முளை?"

"கூடாரத்தை மண்ணுல அடிக்கிற முளைங்க. சின்னப் பையில, கொக்கி கொக்கியா."

"ஓ, அதுவா?" மெத்தைக்காரரின் முகம் மலர்ந்தது. "அதைக் கையில எடுத்து, இது இல்லாம செத்துருவேனான்னு கேட்டேன். சாக மாட்டேன்னு தோணிச்சு. வீட்டுலயே வச்சுட்டேன். நல்ல கனம் அது!"

பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். அவர் திறந்து போட்டிருந்த மூட்டைக்குள், முளைப் பை இருந்திருக்க வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம்புதுத் தலையணை ஒன்று கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. கடைச் சரக்கு. அது இல்லாவிட்டால் செத்துவிடுவார் போலிருக்கிறது.

அக்கா வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மலைக்காற்றில் முளையில்லாத கூடாரம் என்றால் அது பட்டம்தான். இதைவிடச் சின்னத் தப்புக்கு என்னை அவர் ஒரு பள்ளத்தாக்கு நீளத்துக்குத் திட்டியிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லையே என்று கண்ணைத் திறந்தால், அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிவந்து நிற்கிறார்.

"பரவாயில்லைங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "போய்க் கொஞ்சம் கல்லு பொறுக்கிட்டு வாங்க. மூலையில வச்சுக் கட்டுவோம்."

நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று ஊரில் புலம்புவார்கள். அங்கே எங்கு பார்த்தாலும் கல்தான். மெத்தைக்காரர் முதலில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா அதில் கயிற்றைக் கட்டினார். அவர் சற்று நின்று பார்த்துவிட்டு, அது உருளும் என்று தட்டையான ஒன்றைத் தேடிப் போனார். அதன் மேல் இன்னொன்று. இடுக்கில் ஒரு சில்லு. அப்புறம் யாரும் சொல்லாமலே காற்று வரும் பக்கமாக ஒரு வரிசை அடுக்க ஆரம்பித்தார். வேட்டைக்குப் போகிறவர் மாதிரி குனிந்து குனிந்து சரிவெல்லாம் தேடினார். பெரிய கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து, வைத்து, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திருப்பி வைத்தார். பாறைக்குப் பாறை மூச்சு வாங்கி உட்கார்ந்த மனிதரா இவர்? உதவிக்குப் போன என்னை, "நீ வைக்கிறது நிக்காதும்மா" என்று விரட்டினார். முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. கடைசிக் கல்லை வைக்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூடாரத்துக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மழை தலைக்கு மேல் கொட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் காற்று முட்டி முட்டித் திரும்புகிறது. உள்ளே அடுப்பில் சூப் கொதிக்கிறது. பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிய சாதாரணப் பொடி சூப்தான். மெத்தைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நிறுத்தினார். அடுத்த வாயை ஊதக்கூட இல்லை. மூன்று தடவை வாங்கிக் குடித்து, உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்று, பாத்திரத்தை விரலால் வழித்தார். வீட்டில் சாப்பாட்டில் ஆயிரம் குற்றம் சொல்கிறவர். வாயைத் துடைத்துக்கொண்டு, காது கொடுத்துக் கேட்டு, "சுவரு அசையலை, கவனிச்சியா?" என்றார்.

நான் மழையில் என் கூடாரத்துக்கு ஓடினேன். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதற்குள் அங்கிருந்து ஒரு சத்தம். இடி என்று நினைத்தேன்.

"தங்கச்சி!" என்று அக்கா கூப்பிட்டார். "கேக்குதா?"

"இடியா அக்கா?"

"உங்க மாமாடி! ஷூவைக்கூடக் கழட்டலை. பேசிக்கிட்டே இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. கல்லு மேல!" குரலில் சிரிப்பு பொங்கியது. பக்கத்தில் இருந்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன்.

விடிந்தபோது மழை நின்றிருந்தது. ஆனால் உலகத்தைக் காணவில்லை. கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. மெத்தைக்காரரின் தலையணை உறை பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அவர் நன்றாகத் தூங்கிய குழந்தையின் முகத்தோடு வெளியே வந்து முதலில் சுவரைப் போய்ப் பார்த்தார். அக்கா மேலே கணவாய் இருக்கும் திசையைப் பார்த்தார். "ஏறுறதுக்குள்ள விலகிரும்" என்றார். விலகவில்லை.

கணவாயில் போய் நின்றோம். முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை. ஒரு பழைய போர்வைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. அக்கா காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. கடைசியில் அக்கா கைத்தடியைத் தூக்கி வெள்ளைக்குள் நீட்டினார்.

"இங்க ஏரிங்க. நல்ல நீலம். அதோ அந்தப் பக்கம் மூணு மலை ஒட்டி ஒட்டி நிக்கும், நடுவுல இருக்கிறதுக்குத் தலை கொஞ்சம் சாஞ்சிருக்கும். காலையில அது மேலதான் முதல் வெயில் விழும். ரோஸ் கலர்ல..." தடியை இறக்கினார். "ஒரே ஒரு நாள் கேட்டேன். இவகிட்ட இத்தனை வருஷம் வந்து கெடந்தேன், எனக்காக ஒரே ஒரு நாள் முகத்தைக் காட்டக் கூடாதா? நீங்க பாத்திருந்தா உங்களுக்குப் பிடிச்சிருக்கும்ங்க. சத்தியமாப் பிடிச்சிருக்கும்."

மெத்தைக்காரர் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏரி எந்தப் பக்கம்னு சொன்னே?"

அக்கா மறுபடி காட்டினார்.

"பெருசா?"

"பெருசு."

அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

அதே "ம்". டிவி முன்னால் சொல்கிற "ம்". அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "வாக்கு வாக்குதாங்க. இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூட்டையை மாட்டிக்கொண்டார். எனக்கு அந்த மலையின் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

இறங்கினோம். இறங்க இறங்கப் பனி மெலிந்து, மரம் வந்து, குருவிச் சத்தம் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அக்கா அந்தக் குருவிகளுக்குப் பதில் குரல் கொடுத்திருப்பார். ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது கைப் பக்கம் கீழே போகிறது. அந்த வழியில் தார்ச்சாலையும் அதில் நிற்கிற பஸ்ஸும் பொம்மை மாதிரி தெரிந்தன. வலது கைப் பக்கம் திரும்பவும் மேலே ஏறுகிறது.

மெத்தைக்காரர் பாறை அருகே நின்றார். இந்த முறை உட்காரவில்லை. "இப்படிப் போனா என்ன வரும்?" என்று வலது பக்கம் காட்டினார்.

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு வேறு திசையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு வந்ததைப் பாதியில் நிறுத்தி விழுங்கியதை நான் பார்த்தேன். சத்தியம் சத்தியம்தானே. சாட்சிக்காரி நான்தான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"இன்னொரு மேடு மாமா. அதைத் தாண்டினா புல்தரை, ஒரு சின்னக் குளம். இன்னிக்கு அங்க தங்கிட்டு நாளைக்கு அந்தப் பக்கமா இறங்கலாம்."

"சூப்பு இருக்கா?"

"இருக்கு."

யோசித்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எனக்கு உயிர் போய் வந்தது.

"அங்க தட்டைக் கல்லு கெடைக்குமா?"

"மலையில கல்லுக்கா மாமா பஞ்சம்?"

"நேத்து வச்ச சுவருல ஒரு மூலை சரியில்லை. கீழ பெருசா வச்சிருக்கணும்" என்றார். அக்காவிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா, தெரியாது.

"மாமா, கடை?" என்றேன்.

"மெத்தைங்க இன்னொரு நாள் தூங்கட்டும், விடு."

சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பி மேட்டில் ஏற ஆரம்பித்தார். கீழே பஸ் ஹார்ன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய மூட்டையின் மழை உறை ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் படபடத்துக்கொண்டு போயிற்று.

அக்கா நின்ற இடத்தில் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஓடினார். அவரை எட்டிப் பிடித்து, நில்லுங்கள் என்று சொல்லாமல், தானும் நிற்காமல், பின்னாலேயே நடந்தபடி அந்த உறையை இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு விழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவர் மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே மேடு ஏறினார்.